பட்டு நூலில் அளந்த டயர்

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரம் ரோட்டில், ஏரிக்கரை வளைவில் வெடித்த டயர், வெள்ளிக்கிழமை காலைவரை இன்னாசிமுத்து வீட்டில் வெடித்துக்கொண்டேதான் இருந்தது.

வெடித்தது வலது பக்கத்து முன் டயர். சிவப்பு ஹெரால்டு கார் ரோட்டை விட்டு இறங்கி, வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் புகுந்து, வரப்பில் முட்டி நின்றது. காரில் இருந்த இன்னாசிமுத்துவின் மகன் இருதயசாமிக்கு இடது மணிக்கட்டில் முறிவு. ஆரணியில் பஸ், லாரி பழுது பார்க்கும் பட்டறைக்கு முதலாளியான இன்னாசிமுத்து, மகன் கையில் போட்ட மாவுக்கட்டு காயும் முன்பே பட்டறைச் சாவியை அவனிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒரு வளைவுல வண்டிய ஒழுங்கா திருப்பத் தெரியாதவன் ஊரான் வண்டிய தொடக் கூடாது. இனிமே பட்டறைப் பக்கம் வராத."

இருதயசாமி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும்: அந்த வளைவில் காரை ஓட்டியது அவனில்லை, அவன் மனைவி ரோஸி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டில் கையை ஊன்றித்தான் அவன் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே அவனைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா அலறிக்கொண்டு வந்ததும், "நான்தான் ஓட்டினேன்" என்று அவன் முந்திக்கொண்டான்.

பெரிய தியாகி! ஐந்து நாளாக அவன் வெறுங்கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்ததை ரோஸியால் பார்க்க முடியவில்லை.

அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கரும்பலகைக்கு முன்னால் நின்று வட்டத்தின் சுற்றளவைச் சொல்லிக்கொடுக்கும்போதும் மனசுக்குள் அந்த வளைவுதான் ஓடியது. வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டவில்லை. ஸ்டேரிங்கைச் சீராகத்தான் திருப்பினாள். பிறகு எங்கே தப்பு?

யோசித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கார் அது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஸ்பிரிங்கை வெட்டி இரண்டு அங்குலம் தாழ்த்தினார்கள். ரிம்மை அறுத்து, நடுவில் பட்டை வைத்துப் பற்றவைத்து அகலமாக்கினார்கள். எல்லாம் சோழவரத்துக் கார்ப் பந்தயத்துக்காக. பந்தயம் நாளை மறுநாள். நாளை மதியத்துக்குள் காரை அங்கே சோதனைக்கு நிறுத்த வேண்டும்.

ஆனால் இன்னாசிமுத்து காரை விற்பதாக வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டுச் சேலை வியாபாரி சடையப்பன் வருவார். பழைய ஸ்பிரிங், பழைய ஒல்லி டயர் எல்லாம் திரும்பப் பூட்டி, மகள்கள் கல்யாணம் காட்சிக்குப் போய்வர ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

ரோஸி பள்ளிக்கு லீவு எழுதி அனுப்பிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனாள்.

"பள்ளிக்கூடம் போவாம டயரக் கட்டிகினு உக்காரப் போறியா?" என்றாள் மாமியார் அமலோற்பவம். மாதா கோயில் திருவிழா வருகிறதென்று காலையிலேயே சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாத்தே. இன்னிக்கு அதுதான் பள்ளிக்கூடம்."

கொட்டகையில் கார் கட்டைகள்மேல் நிற்க, வெடிக்காத டயர்கள் மூன்றும் ரிம்மோடு சாய்ந்து கிடந்தன. மெட்ராஸில் யாரோ வெளிநாட்டுக்காரரின் காரிலிருந்து கழற்றியவை. பக்கவாட்டில் 185/70, 13 என்று எழுதியிருந்தது. அகலம் மில்லிமீட்டரில். கடைசி எண், ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருப்பது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. மூன்று சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு பேர் வைத்த குழந்தை மாதிரி இருக்கிறதே என்று அவள் அன்றைக்கே சிரித்தாள்.

அகல ரிம்மில் பூட்டினால் டயர் கொஞ்சம் உப்பும், அல்லது சப்பையாகும் என்று, எழுதியிருந்ததை நம்பாமல் கையால் அளந்ததும் அவள்தான். எப்படி அளந்தாள்? பிறந்த வீட்டில் எதை அளக்கவும் எடுக்கும் சாமானை எடுத்து. ரோஸியின் அப்பா பட்டுத் தறிக்காரர். ஜன்னலுக்குக் கதவு செய்தாலும், பிள்ளைக்குச் சட்டை தைத்தாலும் அந்த வீட்டில் ஒரு இழை பட்டு நூல்தான் அளவுகோல்.

இன்றும் அதே நூலை எடுத்தாள். டயரைச் சுற்றி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, மையால் புள்ளி வைத்தாள். பிரித்து எஃகு ஸ்கேல்மேல் போட்டாள். எழுபத்தொன்றே கால் அங்குலம். போன மாதம் நோட்டில் எழுதியதும் அதேதான்.

நூலையே நம்பிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியதோ என்னவோ, வேறு விதமாகவும் பார்த்துவிடலாம் என்று எழுந்தாள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. சிமெண்டுத் தரையில் ஒரு கோடு. இரண்டும் ஒன்றாகச் சேருமிடத்திலிருந்து டயரை நிதானமாக உருட்டிக்கொண்டு போய், கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் நிறுத்தினாள். ஸ்கேலை வைத்தாள்.

எழுபத்திரண்டே முக்கால்.

மறுபடி உருட்டினாள். எழுபத்திரண்டே முக்கால். மறுபடி நூல். எழுபத்தொன்றே கால்.

ரோஸி நூலைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்கள் என்ன செய்கின்றன என்று இப்போதுதான் பார்த்தாள். டயரைச் சுற்றும்போது நூலை விறைப்பாக இழுத்தன. தறிக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டும் வீட்டில் பிறந்த விரல்களுக்குத் தொய்ந்த நூலைப் பிடிக்கத் தெரியாது. இழுத்தால் பட்டு நீளும். புள்ளி வைத்து விட்டவுடன் சுருங்கும். சுருங்கிய நூலை அளந்து, சுற்றளவு என்று எழுதியிருக்கிறாள். ஒன்றரை அங்குலம் குறைவு. டயரின் மையத்திலிருந்து பார்த்தால் கால் அங்குலம்.

வளைவில் கார் எவ்வளவு சாய்ந்தாலும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கால் அங்குலம் மிச்சமிருக்கும் என்பது அவள் போட்ட கணக்கு. அந்தக் கால் அங்குலத்தை நூல் விழுங்கிவிட்டது. டயர் மட்கார்டில் உரசி வெடித்திருக்கிறது.

அப்படியென்றால் ஓட்டியதில் தப்பில்லை. ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷமே கனத்தது. பட்டறையில் அவள் பேச்சை ஒரு ஆள் காதில் வாங்க இரண்டு வருடம் ஆகியிருந்தது. இதைப் போய்ச் சொன்னால் அந்த மரியாதை இன்றோடு சரி. சொல்லாவிட்டால்? கார் ஐந்து மணிக்குப் போய்விடும், கெட்ட பேர் மட்டும் இருதயசாமியோடு தங்கிவிடும்.

அவள் நேரே பட்டறைக்குப் போனாள். இன்னாசிமுத்து ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து வெளியே வந்தார். பக்கத்தில் லேத்துக்காரர் எல்லப்பன், இன்னும் நாலு ஆட்கள்.

"மாமா, டயர் வெடிச்சது ஓட்டினதால இல்ல. என் அளவு தப்பு. நான் பட்டு நூல்ல அளந்தேன். இழுத்துப் புடிச்சி அளந்துட்டேன்."

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"நூலா?" என்றார் இன்னாசிமுத்து. "கார் டயர நூல்ல அளந்தியா? இது இன்னா முந்தானையா, பார்டர் அளக்க?"

ரோஸிக்குக் காது மடல் சுட்டது. அழுகை வரும்போல இருந்தது. வரவிடவில்லை.

"தப்புதான். எவ்ளோ தப்புன்னு சரியா அளந்துட்டேன். கால் அங்குலம். நம்பலன்னா வலது மட்கார்டு உள்ள வந்து பாருங்க."

மற்ற எதற்கும் அசையாத இன்னாசிமுத்து, கால் அங்குலம் என்றதும் புருவத்தைத் தூக்கினார். தாளை விட மெல்லிய இடைவெளிக்கெல்லாம் நாள் பூராவும் மல்லுக்கட்டுகிற மனுஷனுக்குக் கால் அங்குலம் என்பது ஒரு மைல். கொட்டகைக்கு வந்து காருக்கு அடியில் படுத்து, டார்ச்சை அடித்தார். மட்கார்டின் உள்பக்கத்தில் பெயிண்டு உரிந்து, தகரம் பளபளவென்று மின்னியது. ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர் அப்பியிருந்தது.

அதை விரலால் தடவியபடி அவர் ரொம்ப நேரம் படுத்திருந்தார். வந்த கோபத்தில் ஞாயிற்றுக்கிழமையே இங்கே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. முப்பது வருடம் வண்டி பார்த்தவர், வண்டியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பண்றதா கீற?"

"வேற டயர் போட்டு, அதே வளைவுல ஓட்டிப் பாக்கணும்."

"அஞ்சு மணிக்கு சடையப்பன் வந்துடுவாரு. பேச்சு குடுத்துட்டேன்."

"மணி பத்துதான மாமா ஆவுது?"

இன்னாசிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி. நான் ஓட்டறேன். பந்தயத்துல வண்டி சாயறப்ப ஒரு பக்கத்துல ரெண்டாளு பாரம் ஏறும். எல்லப்பன் எனக்குப் பின்னால வலது பக்கமா உக்காரட்டும். மட்கார்டு உள்ள கெட்டியா சுண்ணாம்பு அடி. திரும்பி வந்து பாக்கறப்ப ஒரு பொட்டு அழிஞ்சிருந்தாலும் காரு சடையப்பனுது. அதுக்கப்புறம் பேஜார் பண்ணக் கூடாது."

"பண்ண மாட்டேன் மாமா."

அவர் போனதும் மாவுக்கட்டுக் கையோடு இருதயசாமி வந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"டயர் விஷயம் சொன்னது சரி ரோஸி. ஓட்டினது யாருன்னு மட்டும் சொல்லிடாத. அப்பா அப்புறம் உன்ன ஸ்டேரிங் பக்கமே உடமாட்டாரு."

"மொதல்ல டயர பாப்போம்" என்றாள்.

"இன்னா ஆனாலும் அகல டயர உடக் கூடாது. ரிம்ம உள்ள தள்ளிடலாமா?" என்றான் இருதயசாமி.

"ஸ்டேரிங் ராடுல இடிக்கும்."

"அப்ப வெளிய தள்ளு."

"மட்கார்டத் தாண்டி நிக்கும். சோதனையிலயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப கார ஒரு அங்குலம் தூக்கிடு!"

"அகல டயரையும் போட்டு தூக்கவும் தூக்கினா, வளைவுல ஒட்டகம் மாதிரி ஆடும். எதுக்குங்க ரெண்டு வருஷம் தாழ்த்தினோம்?"

அவள் கொட்டகை மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்த வேறு நாலு டயரை இழுத்துப் போட்டாள். 165/70, 13. அகல டயரை விற்ற மெட்ராஸ்காரர், அதையும் எடுத்தால்தான் இதைத் தருவேன் என்று தலையில் கட்டியவை. வந்த அன்றைக்கே இருதயசாமி, சைக்கிளுக்குப் போடலாம் என்று கேலி செய்து மூலையில் எறிந்தான்.

"இதுவா? பாக்க எப்படி இருக்கும் தெரியுமா?"

"பாக்கறதுக்கா போறோம் சோழவரத்துக்கு?"

எல்லப்பன் ஒரு ரிம்மிலிருந்து அகல டயரை நெம்பி எடுத்து, அதே ரிம்மில் இதை ஏற்றிக் காற்றடித்தார். ரோஸி சாக்பீஸ் கோடு போட்டு உருட்டினாள். அறுபத்தொன்பதே கால். சுற்றளவில் மூன்றரை அங்குலம் குறைவு. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் கூடுதல் இடம். அகலம் குறைந்ததால் பக்கவாட்டிலும் மூச்சு விட்டது.

"டீச்சரம்மா, சக்கரம் சின்னதானா வண்டியோட அடி அரை அங்குலம் எறங்கிடுமே? நம்ப ரோட்ல எஞ்சின் அடியில கல்லு அடிக்கும்" என்றார் எல்லப்பன்.

"முன்பக்கம் ஸ்பிரிங் மேல அரை அங்குலத்துக்கு ரப்பர் கட்டை வைங்க. அடி பழையபடி வந்துடும். மட்கார்டு இன்னும் அரை அங்குலம் மேல போவும்."

"எஞ்சின் கத்துமே?"

"கத்தும். அதே வேகத்துக்கு இருபது சுத்துல ஒரு சுத்து கூட சுத்தணும். நேர் ரோட்ல கொஞ்சம் பின்தங்குவோம். வளைவுல இருந்து கிளம்பறப்ப வெடுக்குன்னு கிளம்பும். அங்க புடிச்சிக்கலாம்."

எல்லப்பன் இருதயசாமியைப் பார்த்தார். அவன் ஒரு தடவை தன் அகல டயர்களைப் பாசத்தோடு பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டு, "டீச்சர் சொல்றபடி பண்ணுங்க. ஜல்தி" என்றான்.

மத்தியானச் சாப்பாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு கையால் இருதயசாமி நெம்புகோலை அழுத்த, எல்லப்பன் டயரை ஏற்ற, ரோஸி நாலு சக்கரத்தையும் உருட்டி உருட்டி அளந்தாள். அமலோற்பவம் கோயில் திருவிழாச் சுண்ணாம்பில் அரைக் குடம் பறிபோனதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றரை மணிக்கு மட்கார்டுகளின் உள்பக்கம் வெள்ளையாகக் காய்ந்து நின்றது.

இன்னாசிமுத்து வந்து கதவைத் திறந்து ஏறினார். ஏறியவர் பாதியில் சிக்கிக்கொண்டார். முட்டி இரண்டும் ஸ்டேரிங்கில் இடித்தன. சீட்டு அவ்வளவு முன்னால் தள்ளியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை.

பக்கத்தில் ஏறிய ரோஸிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சீட்டைத் தன் உயரத்துக்கு இழுத்து வைத்தது அவள்தான். எல்லாவற்றையும் அளந்தவள் அதைத் தள்ளி வைக்க மறந்துவிட்டாள்.

இன்னாசிமுத்து கீழே இருந்த நெம்புகோலைப் பார்த்தார். ஒரு இழுப்பு இழுத்தால் சீட்டு பின்னால் போகும். இழுக்கவில்லை. முட்டியை அகட்டி வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.

கார் ஊரைத் தாண்டியது. ஒரு தேவிகாபுரம் பஸ்ஸை முந்தினார். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை வந்தது. தூரத்தில் ஏரிக்கரை தெரிந்தது. முள் முப்பதைத் தாண்டி ஏறியது. சொல்லாதே என்று புருஷன் சொன்னது காதில் இருந்தது. ஆனால் இந்த வளைவைப் பொய்யோடு இன்னொரு தடவை தாண்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"மாமா, அன்னிக்கி இங்க ஓட்டினது நான்தான். அவரு எனக்காக பொய் சொல்லிட்டாரு."

பின்சீட்டில் எல்லப்பன் இருமினார்.

இன்னாசிமுத்து ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏறினப்பவே என் முட்டி சொல்லிடுச்சி. என் புள்ள என்னவிட ஒசரம். எவ்ளோ வேகத்துல வந்த?"

"நாப்பது."

"எங்க திருப்ப ஆரம்பிச்ச?"

"அந்த பனமரத்துக்கு நேரா."

முள் நாற்பதில் நின்றது. பனைமரத்துக்கு நேராக அவர் ஸ்டேரிங்கை இடது பக்கம் திருப்பினார். கார் வலது பக்கம் சாய்ந்தது. டயர் கிறீச்சிட்டது. ரோஸி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காக, தகரத்தில் ரப்பர் உரசும் அந்த மொரமொரப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வளைவு முடிந்து ரோடு நேரானது.

அவர் காரை நிறுத்தித் திருப்பினார். வளைவைத் தாண்டி வந்த பக்கமே போய் மறுபடி திருப்பினார்.

"இன்னொரு தபா" என்றார். இந்தத் தடவை முள் ஐம்பதில் இருந்தது. எல்லப்பன் அத்தனை குலதெய்வத்தையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் இன்னாசிமுத்து ஒரே ஒரு தடவை பேசினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா உன்ன ஓட்ட உட்டிருக்க மாட்டேன். அது நெசம்."

"தெரியும் மாமா. அதான் சொல்லல."

அவர் ம் என்றார். கோபமா, சமாதானமா என்று அந்த 'ம்'மிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டறை வாசலில் சடையப்பன் காத்திருந்தார். கையில் சாமந்தி மாலை, டயருக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம். ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"வாங்க வாங்க. வண்டிய பூ மாதிரி ஓட்டிகினு வர்றீங்களே!" என்றார் சந்தோஷமாக.

இன்னாசிமுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். டார்ச்சு அடித்தார். பிறகு இடது பக்கம். பிறகு பின்னால் இரண்டு. இருதயசாமி அவர் பின்னாலேயே சுற்றி வந்தான். அமலோற்பவம் என்ன ஏது என்று தெரியாமலே சிலுவை போட்டுக்கொண்டாள்.

சுண்ணாம்பு அப்படியே இருந்தது. செம்மண் தூசு படிந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னாசிமுத்து எழுந்து, இடுப்பில் இருந்த பட்டறைச் சாவிக்கொத்தை எடுத்து மகனின் நல்ல கையில் வைத்தார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் காத்திருக்கவில்லை.

"அப்ப நான் மாலைய போட்டுடலாமா?" என்றார் சடையப்பன். "சீட்டு மட்டும் கொஞ்சம் முன்னாடி இருக்காப்பல கீது. பின்னால தள்ளிக்கலாம் இல்ல?"

கையை உள்ளே நீட்டி நெம்புகோலைத் தொடப் போனார்.

"அந்த சீட்ட யாரும் தொடாதீங்க" என்றார் இன்னாசிமுத்து.

குரல் சத்தமாக இல்லை. ஆனால் சடையப்பனின் கை அப்படியே நின்றது. இன்னாசிமுத்து அவர் தோளில் கை போட்டு ஆபீஸ் அறைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். கொடுத்த வாக்குக்கு அங்கே என்ன சமாதானம் சொல்லப்போகிறார் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். போகிற போக்கில், எலுமிச்சம்பழம் நாலையும் வாங்கி எல்லப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"இன்னா நடக்குது இங்க?" என்றாள் அமலோற்பவம். "இவன் கையில கட்டு போட்டிருக்கு. அப்ப நாளைக்கு இந்த கார யாரு ஓட்டிகினு போறது?"

ரோஸி காரைச் சுற்றி வந்து, மாமியார் பார்த்துக்கொண்டிருக்கவே, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கால் நேராகக் கிளட்சின்மேல் போய் அமர்ந்தது.